ஆறு தவணை கேட்பதில்லை

(வெல்லாவெளியில் கூடிய வேளாண்மைச் செய்கையாளர் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நீதிமன்றத்தில் நாள்தோறும் நம் காதில் விழும் சொல் ஒன்றுண்டு. அது தவணை என்னும் சொல். வழக்காளி ஆயத்தமாகவில்லையா? தவணை. சாட்சிக்குக் காய்ச்சலா? தவணை. கோவை வேறு அலுவலகத்தில் இருக்கிறதா? அதற்கும் தவணை. மனிதர் மனிதரோடு வழக்காடும் இடத்தில் தவணைக்கு இடமுண்டு. ஆனால் ஆறு தவணை கேட்பதுமில்லை. நமக்குத் தவணை தருவதுமில்லை. கார்த்திகையிலும் மார்கழியிலும் அது தன் வழக்கை எடுத்துக்கொண்டு நேரே நம் வயலுக்குள் வந்துவிடுகிறது. தீர்ப்பையும் தானே எழுதுகிறது. தண்டத்தையும் தானே அறவிடுகிறது.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு மேடைக்கு ஏற்றதாகத் தோன்றாமல் இருக்கலாம். மண்ணின் உரிமையைப் பேச வேண்டிய இடத்தில் ஓடைக்கரையையும் அனுமதிப்பத்திரத்தையும் பேசுவதா என்று அவர்கள் கேட்பர். நாம் அவர்களுக்குச் சொல்லும் விடை இது: நாம் பேசுவது மண்ணின் உரிமையைத்தான். எந்த மண்ணைப் பற்றி முழங்குகிறோமோ அந்த மண் ஒவ்வொரு மாரியிலும் கரையோடு பெயர்ந்து வாவிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்கக் கை நீட்டும் உழவனை முதலில் எதிர்கொள்வது ஆறு அன்று. அனுமதி கேட்கும் மேசை.

நம் நிலத்தின் கிடக்கை

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் குளமும் சேர்ந்த படுவான்கரை. இந்தப் படுவான்கரையின் தென்பகுதியே போரதீவுப்பற்று. மண்டூரும் பழுகாமமும் பெரியபோரதீவும் தும்பங்கேணியும் திக்கோடையும் இதற்குள் அடங்கும். இப்பற்றின் பிரதேச செயலகம் அமைந்திருப்பது நாம் கூடியிருக்கும் இந்த வெல்லாவெளியில்தான்.

மேற்கிலும் தெற்கிலும் நிலம் உயர்ந்திருக்கிறது. நவகிரிப் பக்கத்தில் விழும் மழையும், குளங்கள் நிரம்பி வழியும் நீரும் தாழ்நிலமான நம் வட்டைகளின் ஊடாகவே வாவியை அடைய வேண்டும். வேறு வழி அதற்கில்லை. ஆகவே வடகீழ்ப் பருவமழை உரத்துப் பெய்யும் ஆண்டுகளில் மண்டூர் - வெல்லாவெளி வீதி நீருள் மூழ்குவதும், ஊருக்கும் ஊருக்கும் தொடர்பு அறுவதும் நமக்குப் புதியன அல்ல. 1957 டிசம்பர் வெள்ளத்தை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2011 சனவரி வெள்ளத்தையும் 2014 டிசம்பர் வெள்ளத்தையும் நம் கண்ணாலேயே கண்டோம்.

வெள்ளம் வந்து வடிந்தபின் நிவாரணப் பட்டியல் எழுதப்படுகிறது. இடிந்த வீடும் அழிந்த பயிரும் அதில் இடம் பெறுகின்றன. ஆனால் அரை ஏக்கர் வயல் கரையோடு பெயர்ந்து போனதை எந்தப் பட்டியலில் எழுதுவது? அழிந்த பயிரை அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம். போன நிலத்தை எங்கே போய் விதைப்பது?

ஒரு முதியவரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் படுவான்கரை உழவர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய வயல் ஓடையின் வளைவில் இருந்தது. ஒரு மாரியில் கரை உடைந்து வரம்பும் அதன் அருகே ஒரு கீற்று நிலமும் போய்விட்டன. நீர் வடிந்ததும் அவர் தம் மக்களைக் கூட்டிக்கொண்டு தென்னங்குற்றிகளை வரிசையாக அடித்து, உரச் சாக்குகளில் மண் நிரப்பி அவற்றின் பின்னே அடுக்கினார். வேலை பாதி முடியுமுன் ஓர் உத்தியோகத்தர் வந்து, இது அரச ஒதுக்குநிலம், அனுமதியின்றித் தொடுவது குற்றம் என்று நிறுத்திவிட்டார்.

அனுமதி பெறப் புறப்பட்ட முதியவர் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு அனுப்பப்பட்டார். முதலாம் இடத்தில் வரைபடம் கேட்டார்கள். இரண்டாம் இடத்தில் முதலாம் இடத்தின் கடிதம் கேட்டார்கள். மூன்றாம் இடத்தில், இது எமது பொறுப்பன்று என்று எழுதித் தருவதற்கே இரண்டு மாதம் சென்றது. சிறுபோகம் வந்தது, போயிற்று. அடுத்த பெரும்போகத்தில் ஆறு திரும்ப வந்தது. அடித்த குற்றிகளையும், களவெட்டியையும், அதன் பக்கத்தில் நின்ற மாமரத்தையும் கொண்டுபோயிற்று.

அதன் பின்னரே அவர் நம்மிடம் வந்தார். அழவில்லை, கோபிக்கவுமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆத்துக்கு ஆர் தம்பி பெர்மிட் குடுத்தது? அது என்ட நிலத்தைக் கொண்டு போகக்குள்ள ஆரும் நிப்பாட்டல்லையே!"

இருபது ஆண்டு சட்டம் படித்தும் பேசியும் வந்த நம்மிடம் அந்தக் கேள்விக்கு விடை இருக்கவில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்குத் தாமதமாகச் சொல்லும் விடை என்று கொள்ளுங்கள்.

கரை எப்படி உடைகிறது?

சட்டத்தைப் பார்க்குமுன் கரையைப் பார்ப்போம். நோயறியாதவன் மருந்தைப் பற்றி வாதாடக் கூடாது.

ஓடை வளையும் இடத்தில் வேகமான நீர் வெளிக்கரையை மோதுகிறது. உட்கரையில் மணல் படிகிறது. வெளிக்கரையின் மேற்பகுதி சரிவதையே நாம் காண்கிறோம். ஆனால் அரிப்பு தொடங்குவது அடியில். அடி கரைந்து குடைவானதும் மேலுள்ள மண் தன் பாரத்தால் தானே விழுகிறது. மேலே மண் கொட்டி அடியை விட்டுவிடும் வேலை ஒரு மாரிக்கும் நில்லாதது இதனாலேதான்.

இரண்டாவது, கரை பெரும்பாலும் வெள்ளம் ஏறும்போது அன்று, இறங்கும்போதே விழுகிறது. வெள்ளம் நிற்கும்வரை நீரே கரையைத் தாங்கி நிற்கும். நீர் திடீரென வடிந்தால், ஊறிக் கனத்த மண் தாங்குவாரின்றிச் சரிந்துவிடும். வெள்ளம் வடிந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று நாம் வீடு திரும்பும் அந்த இரண்டு மூன்று நாள்களே கரைக்கு மிகவும் பொல்லாத நாள்கள்.

மூன்றாவது, மணல். படுகையிலிருந்து மணலை அளவுக்கு மீறி அள்ளினால் படுகை தாழ்கிறது. படுகை தாழக் கரையின் உயரம் கூடுகிறது, அடி பலமிழக்கிறது. மணல் அள்ளும் இடம் ஒன்றாகவும், கரை உடையும் இடம் அதற்கு மேலேயோ கீழேயோ வேறொன்றாகவும் இருக்கலாம். எனவே அள்ளியவர் வேறு, இழந்தவர் வேறு. ஏற்பட்ட கேட்டுக்கும் அதைச் செய்தவருக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரியாத வழக்கு இது. சட்டத்தின் துணை உழவனுக்கு மிகவும் வேண்டிய இடமும் இதுவே.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது சட்டத்திற்கு வருவோம். ஓர் ஓடைக்கரையில் எத்தனை சட்டங்கள் வந்து நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

1947-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், இன்று அரச காணிகள் கட்டளைச் சட்டம் என வழங்குவது, பொது ஓடைகளின் நீரை ஆளும் அதிகாரத்தை அரசிடம் வைத்திருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வாய்க்கால், அணை, கட்டு, ஒதுக்குநிலம் ஆகியவற்றுக்கு ஊறு செய்வதையும் அவற்றை அடைத்துப் பிடிப்பதையும் தண்டிக்கிறது. 1951-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்க மண் பேணல் சட்டம் மண்ணரிப்புக்கு உள்ளாகும் பிரதேசங்களை அறிவிக்கவும், மண்ணைக் காக்கும் நடவடிக்கை எடுக்குமாறு நிலச் சொந்தக்காரரைப் பணிக்கவும் இடமளிக்கிறது. 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியப்பொருள்கள் சட்டத்தின்படி மணலும் கனியப்பொருளே. அனுமதிப்பத்திரமின்றி அதைத் தோண்டலாகாது. 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வயல் நிலத்தையும் சிறு நீர்ப்பாசனத்தையும் கமக்காரர் அமைப்புகளையும் பற்றிப் பேசுகிறது.

இவற்றோடு 1980-ஆம் ஆண்டின் 47-ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1993 சூனில் வெளியான கட்டளை, அட்டவணையிற் கண்ட வகையான வேலைத்திட்டம் ஒன்று 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது ஓடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் அமையுமானால், அது சிறிதாயினும் ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்கிறது. வாவியை ஒட்டிய பகுதிகளில் 1981-ஆம் ஆண்டின் 57-ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டமும் சேர்ந்துகொள்கிறது.

சட்டம் ஒன்றானால் கதவும் ஒன்றாகும். சட்டம் ஏழானால் கதவும் ஏழாகிறது. 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு, உட்பட்ட பாசனமாயின் கமநல அபிவிருத்தித் திணைக்களம். அதற்கு மேற்பட்டால் நீர்ப்பாசனத் திணைக்களம். மணலுக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். காணிக்குப் பிரதேச செயலகம். சுற்றாடலுக்கு அதற்குரிய அதிகாரசபை. ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமான அலுவலகமே. ஆனால் உழவனுடைய கரை ஒன்றே. அது இடிவதும் ஒரே இரவில்.

அனுமதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை

இங்கே ஒரு விளக்கம். அனுமதி முறையையே ஒழித்துவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது நமக்கு நாமே குழி தோண்டுவதாகும்.

ஒருவன் தன் கரையைக் கருங்கல்லாலும் கொங்கிறீற்றாலும் இறுக்கிக் கட்டினால், அங்கே மோதித் தணிய வேண்டிய நீர் வேகம் குறையாமல் எதிர்க்கரைக்கோ கீழுள்ள வளைவுக்கோ போய்ச் சேரும். பணமுள்ளவன் கட்டிய சுவர் பணமில்லாதவன் வயலை உடைக்கும். வட்டையில் இப்படி எத்தனை சச்சரவு எழுந்து, அண்ணனும் தம்பியும் களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே, ஆற்றை மாற்றும் வேலைக்கு அனுமதி வேண்டும். ஆற்றிலிருந்து எடுக்கும் வேலைக்கு இன்னும் கடுமையான அனுமதி வேண்டும்.

நம் குறை வேறு. இன்றைய நடைமுறை கரையை வெட்டுபவனையும் கரையைக் காப்பவனையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது என்பதே நம் குறை. இல்லை, ஒரே வரிசையிலும் நிறுத்தவில்லை. வெட்டுபவனை முன்னே விடுகிறது. மணல் வணிகனிடம் வாகனம் இருக்கிறது. எழுத்து வேலைக்கு ஆள் இருக்கிறது. பல நாள் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் அலையும் வசதி இருக்கிறது. உழவனிடம் சைக்கிளும் ஒரு நாட் கூலியும் இருக்கின்றன. விதி இருவருக்கும் ஒன்றே என்றால், அந்த விதி இருவரில் ஒருவருக்கு மட்டுமே வாய்க்கும்.

2019 டிசம்பரில் அன்றைய அமைச்சரவை மணலையும் மண்ணையும் ஏற்றிச் செல்லும் அனுமதிப்பத்திரத்தை நீக்க முடிவு செய்ததை நினைத்துப் பாருங்கள். அந்த முடிவு பின்னர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. ஆயினும் அந்த முடிவின் மனப்போக்கைக் கவனியுங்கள். ஆற்று மணல் லொறியிலேறிப் போவதற்கு இருந்த தடை சுமையாகத் தெரிந்தது. அதே ஆற்றின் கரையில் ஒரு உழவன் சாக்கு அடுக்குவதற்கு இருந்த தடை யாருக்கும் சுமையாகத் தெரியவில்லை! ஆற்றிலிருந்து ஒரு சாக்கு மண் எடுத்துக் கரையில் அடுக்கினால், அது கரைகாப்பா கனியம் தோண்டுதலா என்ற கேள்வி இன்றும் எழத்தான் செய்கிறது.

ஒரு சட்டம் 'உன் மண்ணைக் காப்பாற்று' என்று உழவனைப் பணிக்கிறது. மறு சட்டம் 'கரையைத் தொடாதே' என்று கையைப் பிடிக்கிறது. இரண்டையும் ஒரே அரசே இயற்றியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவன் என்ன செய்வான்? அவன் இரவில் கரை கட்டுகிறான். நேர்மையான வேலையைத் திருட்டு வேலைபோலச் செய்ய வைப்பதைவிடச் சட்டத்திற்கு வேறு இழிவு வேண்டுமா?

பிற நாடுகள் கண்ட வழி

இதற்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிற நாடுகள் வழி கண்டிருக்கின்றன.

அமெரிக்காவில் நீர்நிலைகளில் மண் கொட்டும் வேலைகளுக்கு 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அதை வழங்குவது இராணுவப் பொறியியலாளர் படை. ஆனால் அவர்கள் கரைகாப்பு வேலைக்கென்றே நாடு முழுவதற்கும் ஒரு பொது அனுமதியை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். 13-ஆம் இலக்கப் பொது அனுமதி என்பது அதன் பெயர். வேலை 500 அடி நீளத்துக்குள் அடங்கி, குறித்த நீர்மட்டத்துக்குக் கீழே கொட்டும் பொருள் ஓரடி நீளத்துக்குச் சராசரி ஒரு கன யாரை மீறாமல், மற்ற நிபந்தனைகளுக்கும் அமைந்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. அளவு மீறினால் முன்னறிவித்து ஆய்வுக்கு உட்பட வேண்டும். இங்கிலாந்தில் வெள்ள அபாயத்தோடு தொடர்புள்ள ஆற்று வேலைகளுக்கு அனுமதி வேண்டும். ஆயினும் அவசர வேலையை முதலில் செய்துவிட்டு, இயன்ற விரைவில் எழுத்தில் அறிவிக்க இடமுண்டு.

அந்நாட்டார் ஆற்றைக் காக்கத் தெரியாதவர்களா? சிறியதற்குச் சிறிய விதி, பெரியதற்குப் பெரிய விதி, அவசரத்திற்கு அவசர விதி. இதுவே அவர்கள் கண்டது.

கடல் கடந்து போவானேன்? நம் நாட்டின் பழைய சட்டமே இதை அறிந்திருந்தது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம் இயற்றப்பட்டபோது, வயற்செய்கை பற்றிய பண்டை வழக்கங்களுக்கு உயிர் கொடுப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. வயற்காரர் கூட்டமாகக் கூடி முடிவு செய்ய, அம்முடிவு எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்பதே அதன் உயிர்நாடி. இன்றும் ஒவ்வொரு போகத்துக்கும் முன் நாம் கூடும் ஆரம்பக் கூட்டம் அந்த வழக்கத்தின் வழித்தோன்றல்தான். எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளில் விதைப்பது என்று தீர்மானிக்க நம்மை நம்பும் சட்டம், எந்த வளைவில் குற்றி அடிப்பது என்று தீர்மானிக்க மட்டும் நம்மை நம்பக் கூடாதா?

நம் கோரிக்கைகள் ஐந்து

ஆகவே நாம் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: மரக்குற்றி, மண்மூட்டை, மூங்கில், வெட்டிவேர், நாணல், மருது போன்றவற்றைக் கொண்டு, பழைய கரையின் எல்லைக்குள், குறித்த நீளத்துக்கு மேற்படாமல் கமக்காரர் அமைப்பு செய்யும் வேலைக்கு அனுமதி வேண்டாம், எழுத்துமூல அறிவித்தல் போதும் என்று விதியாக வேண்டும்.

இரண்டாவது: உடைப்பு நேர்ந்தபோது செய்யும் அவசர வேலையை முதலில் செய்து, 14 நாளுக்குள் அறிவிக்க இடமளிக்க வேண்டும். செய்தது தவறென்று பின்னர் காணப்பட்டால் திருத்தச் சொல்லலாம், தண்டிக்கலாகாது.

மூன்றாவது: கல்லும் கொங்கிறீற்றும் கொண்ட பெரிய வேலைகளுக்கு அனுமதி இருக்கட்டும். ஆனால் விண்ணப்பம் ஒன்று, வாசல் ஒன்று. பிரதேச செயலகம் அதைப் பெற்று மற்றத் திணைக்களங்களுக்கு அனுப்பட்டும். குறித்த காலத்துக்குள் மறுப்புக் கூறாத திணைக்களம் இசைந்ததாகக் கொள்ளப்படட்டும்.

நான்காவது: சட்டத்தின் நாட்காட்டி மாரியின் நாட்காட்டிக்கு இசைய வேண்டும். சிறுபோக அறுவடைக்கும் பெரும்போக விதைப்புக்கும் இடையிலுள்ள ஆவணி, புரட்டாதி மாதங்களே கரைவேலைக்குரியவை. வைகாசியில் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஆடி முடியுமுன் விடை வர வேண்டும். தையில் வரும் அனுமதிப்பத்திரம் இறந்தவனுக்கு வந்த மருந்து.

ஐந்தாவது: ஓடையின் வளைவிலும், பாலத்துக்கும் அணைக்கட்டுக்கும் அருகிலும் மணல் அனுமதி கொடுக்கலாகாது. மற்ற இடங்களிலும் அவ்வட்டையின் கமக்காரர் அமைப்பைக் கேளாமல் கொடுக்கலாகாது. கொடுத்த அனுமதியின் எல்லையும் அளவும் முடிவுத் திகதியும் தமிழில் எழுதப்பட்டு, ஊரார் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். 1988-ஆம் ஆண்டின் 16-ஆவது திருத்தத்தின் பின் வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. எனவே இது சலுகை அன்று, அரசியலமைப்பு சொல்வது.

இவற்றிற் சிலவற்றை மாகாணத்திலேயே செய்ய முடியும். 1987-ஆம் ஆண்டின் 13-ஆவது திருத்தம் சிறு நீர்ப்பாசன வேலைகளின் புனரமைப்பையும் பராமரிப்பையும், ஒரு மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசனத்தையும் மாகாண சபைக்குரிய பட்டியலில் வைத்தது. ஆனால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டம்பரில் முடிந்தபின் நீண்ட ஆண்டுகளாகத் தேர்தலே நடக்கவில்லை. கரை உடையும் ஊரில் சட்டம் செய்ய வேண்டிய சபை கதவடைத்துக் கிடந்தது. மாகாண சபைத் தேர்தல் அரசியல்வாதிகளின் கவலை என்று எண்ணியிருப்போர் தம் வயலோரம் போய் உடைந்த கரையைப் பார்க்கட்டும். அந்தத் தேர்தலின் பொருள் அங்கே விளங்கும்.

விதி மாறும்வரை என்ன செய்வது?

விதி மாறும்வரை கைகட்டி இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்திலேயே நமக்குச் சில கருவிகள் உண்டு.

தனியாளாகப் போகாதீர்கள். கமக்காரர் அமைப்பின் தீர்மானமாகப் போங்கள். ஆரம்பக் கூட்டத்தில் உடைந்த கரையைப் பற்றிப் பேசி, அது கூட்டக் குறிப்பில் எழுதப்படும்வரை எழுந்து போகாதீர்கள். வாய்ச்சொல்லை உத்தியோகத்தர் மறக்கலாம். கூட்டக் குறிப்பை மறக்க முடியாது. மாரிக்கு முன்னும் பின்னும் கரையைத் திகதியோடு படம் பிடித்து வையுங்கள். கரையிலிருந்து அசையாத ஒரு மரத்துக்கோ கல்லுக்கோ உள்ள தூரத்தை ஆண்டுதோறும் அளந்து எழுதுங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள்.

மணல் அள்ளும் இடத்தில் நின்று சண்டை பிடிக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாள்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். பிரதி கையில் வந்ததும் எல்லையை அளந்து பாருங்கள். எல்லை மீறப்பட்டிருந்தால் வழக்கு உங்கள் பக்கம். பொதுமக்களுக்குத் தொல்லை தரும் செயலை நீக்க, 1979-ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98-ஆம் பிரிவின்படி நீதவான் கட்டளையிட முடியும். வீதியும் பாலமும் கரையும் பலருக்குப் பொதுவானவை என்பதை மறவாதீர்கள்.

இன்னும் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் எப்பாவலைப் பொஸ்பேற்று வழக்கில் உயர் நீதிமன்றம், நாட்டின் இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்றுக் காக்கும் காவலன் என்ற கொள்கையை ஏற்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள். ஆற்றுக்கரை அரசுக்குரியது என்று உத்தியோகத்தர் சொல்லும்போது நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆம் ஐயா, காவலனுக்குரியதுதான். காவலன் உறங்கும்போது எழுப்புவது எங்கள் கடமை என்று பணிவாகச் சொல்லுவோம்.

நம் பக்கத்துக் குற்றம்

பிறரைக் குறை சொல்லி முடிப்பது எளிது. நம் முதுகையும் சற்றுப் பார்ப்போம்.

ஓடையின் விளிம்புவரை உழுதவர் யார்? கரையைக் கட்டிப் பிடித்து நின்ற மருதையும் நாவலையும் விறகுக்கும் பலகைக்கும் தறித்தவர் யார்? ஒதுக்குநிலத்தில் இரண்டு வரம்பு கூட்டிப் போட்டு, அதைத் தம் உறுதிக் காணியென்று சாதித்தவர் யார்? இரவில் மணல் ஏற்றும் உழவு இயந்திரங்களில் எத்தனை நம்மவருடையவை? இவற்றுக்குக் கொழும்பைக் குறை சொல்ல முடியாது. ஒதுக்குநிலத்தை நாம் விழுங்கினால், ஒதுக்குநிலம் என்ற பெயரால் நம்மை மறிக்கும் உத்தியோகத்தருக்கு நாமே நியாயம் தேடிக் கொடுக்கிறோம். கரையை விட்டு விலகி உழுபவனுக்கே கரையைப் பற்றிப் பேச வாயுண்டு.

படித்துத் தொழில் பார்க்கும் நம்மவருக்கும் ஒரு சொல். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், எழுதுவினைஞர், வழக்கறிஞர் ஆகிய நாமெல்லாம் இந்த வயல்களின் நெல்லால் படித்தவர்கள். நமக்கு வரைபடம் வரையத் தெரியும். விண்ணப்பம் எழுதத் தெரியும். திணைக்களத்தின் மொழி தெரியும். முதியவர் ஒருவர் மூன்று அலுவலகம் ஏறி இறங்கியபோது அவருக்கு வேண்டியிருந்தது பணமன்று; ஒரு நாள் அவரோடு நடந்துபோக எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள். ஒவ்வொரு வட்டைக்கும் படித்தவர் இருவர் பொறுப்பேற்கட்டும். அடுத்த வைகாசிக்குள் தத்தம் வட்டையில் உடைந்த வளைவுகளை வரைபடத்தில் குறித்து, விண்ணப்பத்தை எழுதி, கமக்காரர் அமைப்பின் கையில் ஒப்படைக்கட்டும். முதலாவது வட்டையை நாமே எடுத்துக்கொள்கிறோம். அது அந்த முதியவரின் வட்டை.

அவருடைய களவெட்டி திரும்ப வராது. ஆனால் அவருடைய மூத்த மகனின் வயல் அதே வளைவில் இன்னும் இருக்கிறது. கரைக்கும் அந்த வயலின் வரம்புக்கும் இடையே எஞ்சியிருப்பது ஒரு சில முழம் நிலம். அடுத்த மாரிக்கு முன் அங்கே குற்றி அடிக்கப்பட வேண்டும். பகலில், ஊரார் முன்னிலையில், சட்டத்தின் துணையோடு அடிக்கப்பட வேண்டும்.

ஆறு தவணை தராது. நாமும் இனித் தவணை கேளோம்.